சிக்கிள் செல் உள்ள கர்ப்பிணி, கிரியேட்டினின் 0.9: நார்மல் என்று விட்டுவிடலாமா?

பந்தலூர்_ராணி
வணக்கம். என் தங்கைக்கு 26 வயது. சின்ன வயதிலேயே சிக்கிள் செல் நோய் (சிவப்பணு அரிவாள் மாதிரி வளையும் பரம்பரை ரத்த நோய்) என்று தெரிந்துவிட்டது. மரபணுவைச் சுமக்க மட்டும் செய்யும் கேரியர் இல்லை, அப்பா அம்மா இரண்டு பக்கமும் வந்தது, ரிப்போர்ட்டில் எஸ்எஸ் என்றே போட்டிருக்கும். இப்போது முதல் குழந்தை, 18 வாரம். இந்த நோய்க்குப் போட்டுக்கொண்டிருந்த ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையைக் குழந்தைக்கு முயற்சி செய்வதற்கு முன்பே டாக்டர் சொல்லி நிறுத்தியாயிற்று.

போன வாரம் எடுத்த டெஸ்ட்: எச்பி 7.8, கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்றும் கழிவு) 0.9, யூரின் ஆல்புமின் (புரதம்) ஒரு பிளஸ், பி.பி. 126/80. லேப் தாளில் கிரியேட்டினினுக்கு 0.6 முதல் 1.1 வரை நார்மல் என்று அச்சடித்திருக்கிறது. பார்த்தவர்களும், "ரத்தம்தான் கம்மி, இரும்பு ஊசி போட்டுக்கலாம், மற்றதெல்லாம் நார்மல்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவள் ராத்திரி நாலைந்து தடவை ஒன்றுக்குப் போக எழுந்துகொள்கிறாள். சாயங்காலமானால் கணுக்கால் வீங்குகிறது. எனக்கு மனசு ஆறவில்லை. இந்த நோய்க்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது விவரமாகச் சொல்வீர்களா?

சிறுநீரக_மருத்துவர்_கோவை
ராணி, உங்கள் மனசு ஆறாமல் இருப்பது சரிதான். ஒரு வேலை செய்யுங்கள். கர்ப்பத்துக்கு முன்னால் எடுத்த பழைய ரிப்போர்ட் எதுவாக இருந்தாலும் தேடி எடுங்கள். கிரியேட்டினின், பி.பி., எச்பி மூன்றும் எவ்வளவு இருந்தது என்று பார்க்க வேண்டும். அப்புறம், அவர் இப்போது சாப்பிடும் மாத்திரை எல்லாம், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியது உட்பட, என்னென்ன என்று எழுதுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், அந்த 0.6 முதல் 1.1 என்ற அளவு கர்ப்பிணிகளுக்கானது அல்ல. கர்ப்பத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் கூடுகிறது, வடிகட்டும் வேகம் ஏறக்குறைய பாதி அளவு உயர்கிறது. அதனால் ஆரோக்கியமான பெண்ணுக்கே கிரியேட்டினின் 0.4, 0.5, 0.6 என்று இறங்கிவிடும். சிக்கிள் செல் உள்ளவர்களுக்கோ கர்ப்பம் இல்லாதபோதே இது குறைவாகத்தான் இருக்கும். இளம் வயதில் அவர்களின் வடிகட்டிகள் அளவுக்கு மீறி வேலை செய்கின்றன. போதாததற்கு, சிறுநீரக நுண்குழாய்களும் கிரியேட்டினினை வழக்கத்தைவிட அதிகமாக வெளியே தள்ளுகின்றன. ஆகவே கிட்னி கெடத் தொடங்கிய பிறகும் ரிப்போர்ட்டில் எண் அழகாகவே தெரியும். சிக்கிள் செல் உள்ள கர்ப்பிணிக்கு 0.9 என்று வந்தால் நான் சும்மா விடமாட்டேன்.

இனி நீங்கள் கேட்ட சம்பந்தம். எஸ் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் ஒன்றோடொன்று ஒட்டி, நீளமான இழைகளாகக் கோத்துக்கொள்ளும். சிவப்பணு வளைந்து விறைத்துவிடும். உடம்பில் இதற்கு மிகவும் தோதான இடம் சிறுநீரகத்தின் உள்பகுதி. அங்கே ஆக்சிஜன் குறைவு, உப்புச் செறிவு அதிகம், அமிலத்தன்மையும் அதிகம். ரத்தம் நகர்வதும் மெதுவாக. அங்குள்ள மெல்லிய ரத்தக்குழாய்கள் குழந்தைப் பருவத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக அடைபட்டுப் போகின்றன. சிறுநீரைச் செறிவாக்கித் தண்ணீரைத் திருப்பி எடுக்கும் வேலை நடப்பது அந்த இடத்தில்தான். அது போனதும் சிறுநீர் எப்போதும் நீர்த்தே வரும். உங்கள் தங்கை ராத்திரியில் எழுவதற்கு வயிற்றில் இருக்கும் பிள்ளை மட்டும் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. சின்ன வயதில் படுக்கையை நனைக்கும் வழக்கம் வெகுநாள் இருந்ததா என்று உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

தேயிலைக்காடு
டாக்டர், நம் மலைப்பக்கத்தில் இருப்பது லேசான வகை என்றுதானே சொல்கிறார்கள்? ஆப்பிரிக்காவில் இருக்கிற மாதிரி இங்கே கடுமை கிடையாது. என் உறவில் இரண்டு பேர் இதோடு பிள்ளை பெற்று நன்றாக இருக்கிறார்கள். கர்ப்பமாக இருக்கும் பெண்ணைப் பயமுறுத்த வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

சிறுநீரக_மருத்துவர்_கோவை
பயமுறுத்தக் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடுதான். இந்தியாவில் பெரும்பாலும் காணப்படுவது அரபு-இந்திய வகை. இதில் கருவிலேயே உருவாகும் குழந்தைப் பருவ ஹீமோகுளோபின் பெரியவர்களானபின்னும் கணிசமாக மிஞ்சி நிற்கும். அது சிவப்பணு வளைவதைத் தடுக்கும். அதனால் பலருக்கு வலி வருவது குறைவு, பள்ளிக்கூடம் வேலை எல்லாம் தடையில்லாமல் நடக்கும். அது உண்மை.

ஆனால் வலி இல்லை என்பதால் ரத்தக்குழாய் சேதம் இல்லை என்று ஆகிவிடாது. சாதாரண சிவப்பணு 120 நாள் வாழும். சிக்கிள் செல் நோயில் பத்து இருபது நாளில் உடைந்துவிடும். உடைந்த அணுவிலிருந்து வெளியே கொட்டும் ஹீமோகுளோபின், ரத்தக்குழாயைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்து அழித்துவிடும். குழாய் இறுகும், உள்சுவர் சொரசொரப்பாகும், வெள்ளையணுவும் தட்டணுவும் வந்து ஒட்டும். இது வலியே இல்லாமல் வருடக்கணக்கில் நடக்கும். கர்ப்பத்துக்கோ உடம்பின் ரத்தக்குழாய்கள் எல்லாம் நன்றாகத் தளர்ந்து விரிய வேண்டும். தளர முடியாத குழாயை விரியச் சொல்லும் காலம் இது. அதுவரை "லேசான வகை" என்று இருந்தவர்களுக்கு முதல் கடுமையான வலியே கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

பந்தலூர்_ராணி
டாக்டர், பழைய ஃபைல் கிடைத்துவிட்டது. இரண்டு வருடம் முன்பு: கிரியேட்டினின் 0.5, எச்பி 8.7, பி.பி. 102/64. யூரினில் ஆல்புமின் "ட்ரேஸ்", அதாவது மிகக் கொஞ்சம், என்று இருக்கிறது. அம்மாவிடம் கேட்டேன், பத்து வயது வரை படுக்கையில் போனாளாம். அப்போது யாரும் இதை நோயோடு சேர்த்து நினைக்கவில்லை.

மாத்திரை: ஃபோலிக் ஆசிட், கால்சியம். முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த ஒரு மாத்திரை. அட்டையில் டைக்ளோஃபினாக் என்று இருக்கிறது. வாரத்தில் மூன்று நாலு நாள் போடுகிறாள்.

சிறுநீரக_மருத்துவர்_கோவை
அந்த டைக்ளோஃபினாக்கை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். சிக்கிள் செல் கிட்னி, தன் ரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கப் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை நம்பி இருக்கிறது. இந்த வகை வலி மாத்திரை அதையே அடைத்துவிடும். கர்ப்பத்தின் பிற்பகுதியில் இது குழந்தையின் இதயக் குழாயையும் பாதிக்கும். வலிக்கு முதலில் பாராசிட்டமால். அதற்கு அடங்காத வலி என்றால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே வலுவான மருந்துகள் இருக்கின்றன, அவற்றைக் கர்ப்பத்திலும் டாக்டர் மேற்பார்வையில் கொடுக்கலாம்.

0.5 இருந்தது 0.9 ஆகியிருக்கிறது. இறங்க வேண்டிய காலத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பி.பி.யும் அப்படியே. இந்த நோயில் பி.பி. பொதுவாகவே தாழ்வாக இருக்கும், கர்ப்பத்தின் நடுமாதங்களில் இன்னும் இறங்கும். 102/64 இருந்தவருக்கு 126/80 என்பது ஏற்றம்தான், புத்தகத்தில் 140/90 என்று கோடு போட்டிருந்தாலும். சிறுநீரகம், மகப்பேறு, ரத்தவியல் மூன்றும் ஒரே கட்டடத்தில் இருக்கும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு இந்த வாரமே கூட்டிப் போங்கள். பழைய ஃபைலைக் கையோடு கொண்டு போங்கள். அந்த 0.5 தெரியாவிட்டால் அங்கே இருப்பவர்களும் 0.9ஐ நார்மல் என்று சொல்லக்கூடும்.

ஆய்வகம்_குன்னூர்
லேப் பக்கத்திலிருந்து ஒரு விஷயம். ஆல்புமின் பட்டையை நம்பி ஒரு பிளஸ்தானே என்று விடாதீர்கள். பட்டை காட்டுவது செறிவைத்தான், மொத்த அளவை அல்ல. டாக்டர் சொன்னபடி இவர்களுக்குச் சிறுநீர் நீர்த்து வரும். நீர்த்த சிறுநீரில் ஒரு பிளஸ் என்றால் நாள் முழுக்கப் போகும் புரதம் பட்டை காட்டுவதைவிட அதிகமாக இருக்கலாம். காலை முதல் சிறுநீரில் புரத-கிரியேட்டினின் விகிதம் கேளுங்கள், அது சிறுநீர் நீர்த்திருப்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று, யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை. காய்ச்சல், எரிச்சல் எதுவும் இல்லாமலே இவர்கள் சிறுநீரில் கிருமி வளரும். கர்ப்பத்தில் அது மேலே ஏறிக் கிட்னிக்குப் போக வெகுநேரம் ஆகாது. சுத்தமான டப்பாவில், நடுச்சிறுநீர் பிடித்து, தாமதிக்காமல் லேப்பில் கொடுக்க வேண்டும். மலையிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம் கொண்டு வந்தால் அதில் எதுவும் வளர்ந்திருக்கும். போய் அங்கேயே கொடுங்கள்.

மூலிகைத்தோட்டம்
நெருஞ்சில் கஷாயம் கிட்னிக்கு ரொம்ப நல்லது. வீக்கம் உடனே வடியும். என் மாமியார் காலத்திலிருந்து கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிறோம்.

மகப்பேறு_மருத்துவர்_ஈரோடு
அம்மா, நல்ல எண்ணத்தில் சொல்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் நெருஞ்சில் நீரை வெளியே தள்ளும். இந்த நோயில் நீர் வற்றினாலே சிவப்பணு வளையும், வலி வரும், கிட்னி இன்னும் அடைபடும். இவருக்கு வேண்டாம். பார்லி கஞ்சி, மோர், இளநீர் எல்லாம் பரவாயில்லை. இளநீரை மட்டும், கிட்னி ரிப்போர்ட்டில் பொட்டாசியம் கூடுதல் என்று வந்தால் நிறுத்திவிடுங்கள்.

கணுக்கால் வீக்கம் கர்ப்பத்தில் பலருக்கும் வரும், அதை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. முகமும் கையும் வீங்கினால், தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி வந்தால், அப்போது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

18 வாரத்தில் இந்தப் பேச்சு வந்தது ராணியின் தங்கைக்கு நல்லதுதான். கர்ப்பகால ரத்த அழுத்த நோய், அதாவது ப்ரீஎக்ளாம்ப்சியா, 20 வாரத்துக்குப் பிறகு வருவது. சிக்கிள் செல் உள்ளவர்களுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். 20 வாரத்துக்கு முன்பே புரதம் போகிறது என்றால் அது பழைய கிட்னிப் பாதிப்பு. இப்போதே அளந்து எழுதி வைக்காவிட்டால், 32 வாரத்தில் புரதம் போகும்போது இது பழையதா, ப்ரீஎக்ளாம்ப்சியாவா என்று எங்களால் பிரிக்கவே முடியாது. ஒன்றென்றால் பொறுத்திருக்கலாம், மற்றதென்றால் குழந்தையை எடுக்க வேண்டியிருக்கும். ரத்தத்தில் பார்க்கும் எல்டிஎச், பிலிருபின், தட்டணு எண்ணிக்கையும் அப்படித்தான். சிவப்பணு உடைவதாலேயே முதல் இரண்டும் எப்போதும் கூடுதலாக இருக்கும். கல்லீரலைத் தாக்கும் கர்ப்பகால நோயிலும் அவை கூடும். மேல்வயிற்று வலி வந்தால் பித்தக்கல்லா, சிக்கிள் வலியா, கல்லீரலா என்று நடு ராத்திரியில் குழம்பி நிற்போம். நல்லபடியாக இருக்கும்போது எடுத்த எண்கள் கையில் இருந்தால்தான் அந்த நேரத்தில் தெளிவு கிடைக்கும்.

குறைந்த அளவு ஆஸ்பிரின் இவர்களுக்கு 12 வாரம் வாக்கில் தொடங்குவது வழக்கம். தொடங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். 24 வாரத்திலிருந்து நாலு வாரத்துக்கு ஒருமுறை வளர்ச்சி ஸ்கேன் பார்க்கச் சொல்வேன். நஞ்சுக்கொடியின் ரத்த ஓட்டமும் இதே குழாய்ப் பிரச்சினைக்கு உட்பட்டது. அங்கே ரத்தம் மெதுவாக ஓடுவதால் அணுக்கள் வளைந்து திட்டுத் திட்டாக அடைபடும், குழந்தை எடை போடாது.

இரண்டுபிள்ளை_அம்மா
ராணி அக்கா, நானும் எஸ்எஸ்தான். எனக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தவன் இப்போது ஏழாவது படிக்கிறான். உங்கள் தங்கையிடம் என்னைப் பற்றிச் சொல்லுங்கள், தைரியமாக இருப்பாள்.

என் அனுபவத்தில் பெரிய எதிரி குளிரும் தாகமும்தான். காலைப் பனியில் வாசல் தெளிக்கப் போவதைக்கூட நிறுத்திவிட்டேன். சாக்ஸ், ஸ்வெட்டர், குளிக்க வெந்நீர். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கும். ராத்திரி எழ வேண்டியிருக்கிறதே என்று சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீரைக் குறைக்கச் சொல்வார்கள். குறைக்கவே கூடாது. நாம் குடிக்காவிட்டாலும் சிறுநீர் அதே அளவு போய்க்கொண்டுதான் இருக்கும், உடம்புதான் காயும். மசக்கை வாந்தி இரண்டு வேளை நிற்காவிட்டாலே நான் போய் டிரிப் ஏற்றிக்கொள்வேன்.

இரண்டாவது கர்ப்பத்தின்போது வலியோடு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். "கர்ப்பத்தில் இதெல்லாம் இருக்கும்" என்று ஒரு ஊசி போட்டு வராந்தாவில் உட்கார வைத்தார்கள். ஆக்சிஜன் அளவைக்கூடப் பார்க்கவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று என் வீட்டுக்காரர் சத்தம் போட்ட பிறகுதான் விரலில் மாட்டிப் பார்த்தார்கள், 88 காட்டியது. உடனே பெரிய இடத்துக்கு அனுப்பினார்கள். விரலில் மாட்டும் அந்தக் கருவி ஒன்றை வீட்டிலேயே வாங்கி வையுங்கள். 95க்குக் கீழே இறங்கினால் கிளம்பிவிட வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

தேயிலைக்காடு
டாக்டர் சொன்னதைப் படித்தேன். எண்களைப் பார்க்காமல் நான் "லேசு" என்று பேசியிருக்கக் கூடாதோ என்னவோ, ஆனால் கேட்டது நல்லதாகப் போயிற்று. ஒரு சந்தேகம்: எச்பி 7.8க்கு இரும்பு ஊசி வேண்டாமா? ரத்தம் ஏற்றினால் ஒரேயடியாகச் சரியாகிவிடாதா?

சிறுநீரக_மருத்துவர்_கோவை
இது இரும்பு இல்லாததால் வரும் சோகை அல்ல, அணு உடைவதால் வருவது. உடைந்த அணுவின் இரும்பு உடம்பிலேயே இருக்கும். முன்பு ரத்தம் ஏற்றியவர்களுக்கு இன்னும் கூடுதலாக. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்து, குறைவு என்று உறுதியானால் மட்டும் இரும்பு. ஃபோலிக் ஆசிட் தினம் 5 மி.கி. முக்கியம். பொதுக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சின்ன மாத்திரை இவர்களுக்குப் போதாது.

ரத்தம் ஏற்றுவதை எல்லோருக்கும் வழக்கமாகச் செய்வதில்லை. எச்பி திடீரென்று விழுந்தால், நெஞ்சில் சிக்கல் வந்தால், அடிக்கடி வலி வந்தால், ஏற்கெனவே ஏற்றிக்கொண்டிருந்தால் செய்வோம். ரத்த வகையில் ஏபிஓ, ஆர்எச்டி (பாசிட்டிவ், நெகட்டிவ்) பொருத்தம் மட்டும் போதாது. ஆர்எச் குடும்பத்தின் மற்ற வகைகளும் கெல் வகையும் பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் எதிர்ப்பொருள் உருவாகி, அடுத்த தடவை ரத்தம் கிடைப்பதே கஷ்டமாகும். சில எதிர்ப்பொருள்கள் குழந்தையின் ரத்தத்தையும் தாக்கும். அதனால்தான் பெரிய ரத்த வங்கி உள்ள இடத்துக்குப் போகச் சொன்னேன். எச்பி மெதுவாகக் குறைந்துகொண்டே வந்தால் அதில் கிட்னிக்கும் பங்கு இருக்கலாம். ரத்த உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் அங்கிருந்துதான் வருகிறது.

நம் பக்கத்துக்குத் தொடர்பான ஒரு செய்தி. இந்தியாவில் இந்த மரபணு முதன்முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரியில்தான், 1952ல். லேமன், கட்புஷ் என்ற இருவர் இங்குள்ள பழங்குடி மக்களிடம் ரத்தம் எடுத்துப் பார்த்து எழுதினார்கள். இத்தனை வருடம் கழித்தும், இதே மலையிலிருந்து வரும் பெண்ணின் ரிப்போர்ட்டைப் பொது அளவுகோலில் வைத்து நார்மல் என்று அனுப்புவது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தில் பரிசோதனை நடக்கிறது, அட்டை கொடுக்கிறார்கள். நல்லது. அந்த அட்டையோடு அவரவருடைய வழக்கமான கிரியேட்டினினும் பி.பி.யும் எழுதப்பட வேண்டும் என்பது என் ஆசை.

பந்தலூர்_ராணி
எல்லோருக்கும் நன்றி. போய் வந்துவிட்டோம். பழைய ஃபைலைப் பார்த்ததும் அங்கேயே அட்மிஷன் போட்டார்கள். யூரின் கல்ச்சரில் ஈ.கோலை கிருமி வளர்ந்தது, காய்ச்சலே இல்லை. கர்ப்பத்துக்கு ஒத்துவரும் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். வலி மாத்திரை நின்றது, தண்ணீர் ஏற்றினார்கள். கிரியேட்டினின் 0.7க்கு வந்திருக்கிறது. புரதம் இன்னும் போகிறது, அது பழைய பாதிப்பு என்கிறார்கள். ஆஸ்பிரின் ஆரம்பித்தாயிற்று. இரும்பு ஊசி வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். மாதாமாதம் கல்ச்சர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பி.பி., கிரியேட்டினின்.

புரதத்தைக் குறைக்க ஏதோ பி.பி. மாத்திரை உண்டு, ஆனால் இப்போது கொடுக்க முடியாது என்றார்கள். ஏன்?

சிறுநீரக_மருத்துவர்_கோவை
எனலாப்ரில், லோசார்டான் வகை. மற்ற காலத்தில் இந்த நோயாளிகளின் கிட்னியைக் காப்பதற்கு அவற்றைக் கொடுப்போம். கர்ப்பத்தில் குழந்தையின் கிட்னியை அவை பாதிக்கும், பனிக்குட நீர் வற்றும். பிரசவத்துக்குப் பிறகு தொடங்கலாம், எனலாப்ரில் தாய்ப்பால் கொடுக்கும்போதும் ஆகும். 0.7 நல்ல செய்தி. இனி அதுதான் அவருடைய கர்ப்பகால அளவு, அதிலிருந்து ஏறினால் மறுபடி போக வேண்டும்.

மகப்பேறு_மருத்துவர்_ஈரோடு
பிரசவம் அதே ஆஸ்பத்திரியில் நடக்கட்டும். 38 வாரத்துக்கு மேல் திட்டமிட்டு வலி வரவைப்பது வழக்கம். சிக்கிள் செல் என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. ஒருவேளை பி.பி. ஏறி, வலிப்பு வராமல் தடுக்க மெக்னீசியம் கொடுக்க நேர்ந்தால், கிட்னி பலவீனம் என்பதை அங்கே நினைவுபடுத்துங்கள். அந்த மருந்து சிறுநீரில்தான் வெளியேறும், அளவு குறைக்க வேண்டியிருக்கும். பிள்ளை பிறந்ததும் ஆபத்து முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ரத்தம் கால் ரத்தக்குழாயில் உறைவதும் நெஞ்சுச் சிக்கலும் பிரசவத்துக்கு அடுத்த நாட்களிலும் வரும். கால் ஒன்று மட்டும் வீங்கினால், மூச்சு வாங்கினால் உடனே வர வேண்டும். உறையாமல் தடுக்கும் ஊசி எத்தனை வாரம் என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு எழுதி வாங்குங்கள். அடுத்த பிள்ளைக்கு இடைவெளி விட, ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை வேண்டாம். காப்பர் டி அல்லது புரோஜெஸ்ட்ரோன் ஊசி பற்றிக் கேளுங்கள்.

ஆய்வகம்_குன்னூர்
மாப்பிள்ளைக்கு எச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகையைப் பிரித்துக் காட்டும் ரத்தச் சோதனை) பார்த்தாயிற்றா? இதை இதுவரை யாரும் கேட்கவில்லையே.

பந்தலூர்_ராணி
இப்போதுதான் எடுத்தார்கள் சார், இன்று ரிசல்ட் வந்தது. அவருக்கு எதுவும் இல்லை, ஏஏ.

ஆய்வகம்_குன்னூர்
அப்படியானால் குழந்தை கேரியராக மட்டும் இருக்கும், நோய் வராது. அவர் கேரியராக இருந்திருந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பிறந்ததும் குதிகாலில் எடுக்கும் ரத்தத்தை எச்பிஎல்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள். ரத்தத்தைக் கரைசலில் கலந்து கலங்குகிறதா என்று பார்க்கும் சாதாரணக் கலங்கல் சோதனை ஆறு மாதத்துக்குள் சரியாகக் காட்டாது, குழந்தைப் பருவ ஹீமோகுளோபின் மறைத்துவிடும். ரிசல்ட் வந்ததும் அந்த எண்ணையும் அம்மாவின் ஃபைலிலேயே சேர்த்து வையுங்கள்.

பந்தலூர்_ராணி
சரி சார், புதிதாக ஒரு நோட்டுப் போட்டு எல்லா எண்ணையும் தேதியோடு எழுதிக்கொண்டிருக்கிறோம். 24 வார ஸ்கேன் முடிந்ததும் இங்கே எழுதுகிறேன்.